சேலத்துக் கல்லும் நிலவியல் கல்வியும்

சேலம் என்றவுடன் மாம்பழம் நினைவுக்கு வரும். நாமக்கல் என்றவுடன் முட்டையும் லாரியும் நினைவுக்கு வரும். ஆயினும், உலகத்து அறிவியல் ஏடுகளில் இந்நிலப்பகுதியின் பெயர் இருநூறு ஆண்டுகளாக இடம்பெற்று வருவது இவற்றால் அன்று, கல்லால். நாமக்கல் என்னும் ஊர்ப்பெயரிலேயே கல் இருக்கிறது. நகரின் நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் அந்தக் குன்றை அறியாதார் யார்? அக்குன்றைச் சூழ்ந்து, வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கொல்லிமலையும் எல்லையிட, காவிரி வரை பரந்து கிடக்கும் இச்சமவெளியின் கற்களைப் படித்தவர் யாவர், அவர் கண்டது யாது, இன்று நம் பிள்ளைகள் அக்கல்வியை எங்கே எவ்வாறு பெறுகிறார்கள் என்பவற்றையே இன்று பேச எண்ணுகிறேன். நாமக்கல் தனி மாவட்டமாக 1997-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டே இயங்குகிறது. அதற்கு முன் எல்லாம் சேலம் மாவட்டமே. ஆகையால் பழைய நூல்களில் சேலம் என்று வருமிடத்தில் நாமக்கல்லும் அடங்கும் என்று கொள்ளவேண்டும்.

முதலில் இக்கல்வியின் பெயரைப் பற்றி ஒரு சொல். எனக்குக் கற்பித்த ஆசிரியர்களுள் மூத்தவர்கள் இதனைப் பூகர்ப்ப சாத்திரம் என்றே சொல்வார்கள். பின்னர் மண்ணியல் என்றார்கள்; புவியமைப்பியல் என்றார்கள்; இன்று நிலவியல் என்பது பெருவழக்காகிவிட்டது. பூகோளத்திற்குப் புவியியல் என்று பெயர் வைத்துவிட்டமையால், பெற்றோர்கள் இரண்டையும் ஒன்றென்றே எண்ணி மயங்குகிறார்கள். நிலவியல் என்ற சொல்லில் வேறொரு வேடிக்கையும் உண்டு. நிலம் என்பதனோடு இயல் சேர்ந்தாலும் நிலவியல். நிலவு என்பதனோடு இயல் சேர்ந்தாலும் நிலவியல். இலக்கணம் இரண்டிற்கும் இடம் தருகிறது. வகுப்பில் இதனைச் சொல்லி மாணவர்களைச் சிரிக்க வைத்ததுண்டு. இந்தச் சொல் விளையாட்டு நம் மாவட்டத்தில் மெய்யாகவே நிகழ்ந்துவிட்ட கதையைப் பின்னர்ச் சொல்வேன்.

உலகம் நம்மிடம் கடன் வாங்கிய சொல் ஒன்றிலிருந்து வரலாற்றைத் தொடங்கலாம். வைரத்திற்கு அடுத்த கடினம் உடைய கனிமத்தை ஆங்கிலேயர் கொரண்டம் என்பர். அது நம் குருந்தம் என்னும் சொல்லின் திரிபே. சாணை பிடிக்கும் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட கல் அது. மாணிக்கமும் நீலமும் அதே கனிமத்தின் ஒளிவிடும் வகைகளேயாம். 1798-ஆம் ஆண்டில் சார்லசு கிரெவில் என்னும் ஆங்கிலேயர் ஆசியாவின் குருந்தக்கல்லைப் பற்றி இலண்டன் இராயல் சங்கத்தின் ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினார். 1802-இல் அதே ஏட்டில், பிரெஞ்சுப் புரட்சியால் நாடு துறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பூர்னோன் பிரபு, கர்நாடகப் பகுதியிலிருந்து சென்ற குருந்தத்தோடு ஒட்டியிருந்த வெண்ணிறத் தாதுவைத் தனியே பிரித்து விவரித்தார். அதற்குப் பிற்காலத்தில் இந்தியனைட் என்ற பெயரும் வழங்கியது. கர்நாடகம் என்று அந்நாளில் ஐரோப்பியர் குறித்தது ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பகுதியை. அவ்வெள்ளைத் தாது அனார்த்தைட் என்னும் சுண்ணம் மிகுந்த களிக்கல் வகை. குருந்தமும் அனார்த்தைட்டும் ஒருசேரக் கிடைக்கும் இடம் நம் நாமக்கல்லுக்கு மேற்கே உள்ள சித்தம்பூண்டி. அந்த ஊரின் பெயரை மனத்தில் நிறுத்துங்கள். மீண்டும் அங்கே வருவோம்.

அடுத்து இரும்பு. சேலத்திற்குத் தென்மேற்கே கஞ்சமலை நிற்கிறது. சித்தர் வாழ்ந்த மலை என்று மக்கள் போற்றுவர். அம்மலையைச் சுற்றிப் பட்டை பட்டையாகக் காந்தக்கல்லும் வெண்கல்லும் கலந்த பாறை ஓடுகிறது. மழையில் அரித்து வந்த கருமணலை எடுத்து, களிமண் உலையில் மரக்கரியோடு இட்டு, தோல் துருத்தியால் ஊதி இரும்பெடுக்கும் தொழில் இவ்வட்டாரத்தில் நெடுங்காலம் நடந்தது. தென்னாட்டு எஃகு உக்கு என்ற பெயரின் திரிபாக ஊட்சு என்று ஐரோப்பாவில் அறியப்பட்டது. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் என்னும் மருத்துவர் இந்திய எஃகைச் சோதித்து இராயல் சங்கத்தில் கட்டுரை படித்தார். பின்னாளில் மின்னியலில் பெரும்புகழ் எய்திய மைக்கேல் ஃபாரடே, தம் இளமையில் 1819-ஆம் ஆண்டளவில் இந்த எஃகின் மறைபொருளைக் கண்டறிய முயன்றார். கருமான் பட்டறையில் பிறந்த பிள்ளைக்கு எஃகின்மேல் ஆர்வம் எழுந்ததில் வியப்பில்லை.

கஞ்சமலை அடிவாரத்து ஓடைக்கு என் மாணவர்களைச் சிலமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். கயிற்றில் கட்டிய காந்தத்தை ஓடை மணலில் இழுத்துச் செல்லச் செய்வேன். பத்து அடி நடப்பதற்குள் காந்தம் முள்ளம்பன்றி போல் கருமயிர் சிலிர்த்துவிடும். ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, இரும்பென்றால் மழையில் கிடந்து துருப்பிடித்துச் சிவந்து போயிருக்க வேண்டாமா? இது ஏன் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது?" என்று கேட்டாள். காந்தக்கல் முன்னரே உயிர்வளியோடு சேர்ந்த இரும்பு, ஆகையால் அது எளிதில் துருவாக மாறுவதில்லை என்று விடை சொன்னேன். விடையைக் காட்டிலும் வினா பெரிது. ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன முதற்பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்பது. அந்தப் பெண் அதனைத் தானாகவே செய்தாள்.

இக்கருமணலை நம்பி ஒருவர் பெருந்தொழில் தொடங்கினார். ஜோசயா மார்ஷல் ஹீத் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் இரும்பாலை நிறுவினார். சேலத்துத் தாது காவிரி வழியாகப் பரிசலில் சென்றது. கடற்கரையில் உருக்கி, இங்கிலாந்திற்குக் கப்பலேற்றினார்கள். தாதுவுக்குக் குறையில்லை, தரத்திற்கும் குறையில்லை. குறை வந்தது மரக்கரியில். நிலக்கரி இல்லாத நாட்டில் ஊதுலையின் பசிக்குக் காடு எத்தனை நாள் ஈடுகொடுக்கும்? சுற்றுவட்டக் காடுகள் கழிந்தன, கரி வரும் தொலைவு நீண்டது, செலவு ஏறியது. 19-ஆம் நூற்றாண்டின் மூன்றாம் கால் முடிவதற்குள் ஆலை அவிந்தது. ஹீத் அதற்கு முன்னரே இங்கிலாந்து திரும்பி, 1839-இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு உரிமை பெற்றார். ஷெஃபீல்டு எஃகுத் தொழில் அதனால் செழித்தது. அவரோ உரிமை வழக்குகளில் பொருளை இழந்து 1851-இல் மறைந்தார். சுற்றுச்சூழல் என்ற சொல்லே பிறவாத காலத்தில், ஓர் ஆலையின் வாழ்நாளைக் கணக்கிட வேண்டுமானால் தாதுவை மட்டும் அளந்தால் போதாது, காட்டையும் அளக்கவேண்டும் என்ற பாடத்தைப் பரங்கிப்பேட்டை கற்பித்தது. இதனை நான் வரலாற்று வகுப்பிலும் சொல்வேன். அறிவியல் வகுப்பிலும் சொல்வேன்.

1851-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தோன்றியது. அதுவரை தனியாரின் ஆர்வமாயிருந்தது, அதன்பின் அரசின் ஒழுங்கான பணியாயிற்று. வில்லியம் கிங், ராபர்ட் புரூசு ஃபுட் என்னும் இருவர் சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளைக் குதிரையிலும் கால்நடையாகவும் சுற்றிப் பாறை வரைபடம் எழுதினர். அவ்விருவரின் அறிக்கை 1864-இல் வெளிவந்தது. நம் நிலத்தின் முதல் முறையான நிலவியல் நூல் அதுவே எனலாம். விமானம் இல்லை, செயற்கைக்கோள் இல்லை. சுத்தியும் திசைகாட்டியும் நோட்டுப் புத்தகமும் இருந்தன. அவர்கள் கோடிட்டுக் காட்டிய இரும்புப் பாறைப் பட்டைகளைப் பின்வந்தோர் செம்மைப்படுத்தினரே ஒழிய முற்றும் அழித்தெழுதவில்லை.

புரூசு ஃபுட்டைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டும். 1863-ஆம் ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் சரளைக் குழியொன்றில் மனிதன் செதுக்கிய கற்கோடரியைக் கண்டெடுத்தவர் அவரே. அதே ஆண்டில் கிங்கோடு சென்று திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கண்டார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் சாந்தி பப்பு குழுவினர் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. ஃபுட் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் தங்குவதற்குத் தேர்ந்த ஊர் நம் ஏற்காடு. அவர் தொகுத்த கற்கருவிகளைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் விலைக்குப் பெற்றது. 1912-இல் அவர் மறைந்தார். ஏற்காட்டுத் தேவாலயத்தில் அவர் நினைவுக்கல் உள்ளது. படகுத்துறைக்கு வரும் ஆயிரக்கணக்கானவர்களில் அதனைப் பார்க்கச் செல்வோர் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணுவதற்கு ஒரு கையின் விரல்கள் போதும் என்று அஞ்சுகிறேன்.

சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் பெரும்பாலும் ஒரே வகைப் பாறையால் ஆனவை. புதிதாய் உடைத்த முகம் நீலங்கலந்த கருஞ்சாம்பல் நிறமாய், எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும். இதற்குச் சார்னகைட் என்று பெயர். பெயர் வந்த வழி விந்தையானது. கல்கத்தா நகரை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்தார்கள். தாமசு ஹாலந்து என்னும் நிலவியலார் 1893-இல் அக்கல்லறைக் கல்லை முன்னிட்டு, பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கும் இப்பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே இட்டார். 1900-இல் அதனைப் பற்றிப் பெருநூலும் எழுதினார். இன்று அண்டார்க்டிகாவில் கண்டாலும் நார்வேயில் கண்டாலும் அப்பாறைக்கு அதுவே பெயர். பல்லாவரத்துக் கல் என்றோ சேர்வராயன் கல் என்றோ பெயர் வைத்திருந்தால் நம் காதுக்கு இனிமையாக இருந்திருக்கும். பெயர் சூட்டும் உரிமை முதலில் படித்தவனுக்குப் போய்விடுகிறது. கல்லோடு பிறந்தவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு பெயர்ப் பிழை சேலம் நகரின் வாயிலிலேயே இருக்கிறது. ஓமலூர் செல்லும் இருப்புப்பாதையின் ஓரத்தில் வெண்ணிற மேடுகள் தெரியும். ஆங்கிலேயர் அவற்றைச் சாக்குக் குன்றுகள் என்று எழுதிவிட்டார்கள். அங்கே எழுதும் சாக்கும் இல்லை, சுண்ணாம்புக் கல்லும் இல்லை. இருப்பது மாக்னசைட், நம் மக்கள் சொல்லும் வெள்ளைக்கல். பூமியின் ஆழத்திலிருந்து வந்த பச்சைக் கரும்பாறை, கரிவளி கலந்த நீரால் சிதைந்து, அதன் வெடிப்புகளில் வலைப்பின்னல் போல் இவ்வெண்தாது படிந்தது. மிடில்மிசு என்பவர் 1896-இல் இதனை விளக்கி எழுதினார். எஃகு உலைகளின் உட்சுவருக்கு வெப்பந்தாங்கும் செங்கல் செய்ய இது பயன்படும். அங்குள்ள நிலையத்திற்கே மாக்னசைட் சந்திப்பு என்று பெயர். தாதுவின் பெயர் தாங்கிய நிலையத்தில் நாள்தோறும் வண்டியேறுகிறவர்களிடம் அச்சொல்லுக்குப் பொருள் கேட்டுப் பாருங்கள்.

கஞ்சமலைத் தாதுவை மனத்திற்கொண்டே சேலத்தில் எஃகாலை வேண்டுமென்று மக்கள் நெடுநாள் கேட்டனர். 1970-இல் பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981-இல் ஆலை இயங்கத் தொடங்கியது. வெளியூர்களிலிருந்து வந்த எஃகைத் தகடாக்கித் துருப்பிடிக்காத எஃகுக்குப் பெயர் பெற்றது. மலையோ அப்படியே நிற்கிறது. இதில் வருந்துவோரும் உளர். மலை நின்றதனால் ஓடையும் நிற்கிறதே என்று எண்ணுவோரும் உளர். என் மனம் பின்னவர் பக்கம் சாய்வதை மறைக்க விரும்பவில்லை.

இனிச் சித்தம்பூண்டிக்கு வருவோம். பரமத்தி, திருச்செங்கோடு வட்டாரத்தில் 30 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் ஒரு பாறைத் தொகுதிக்கு அவ்வூரின் பெயரே வழங்குகிறது. பெரிய மலையன்று. புன்செய்க் காடுகளுக்கு இடையே வெண்சாம்பல் நிறக் கற்கள் ஆங்காங்கே தலைநீட்டும். 1956-இல் ஏ. பி. சுப்பிரமணியம் என்னும் இந்திய நிலவியலார், சேலம் மாவட்டச் சித்தம்பூண்டித் தொகுதியின் கனிமங்களையும் பாறைகளையும் பற்றி அமெரிக்க நிலவியல் கழகத்தின் ஏட்டில் விரிவான ஆய்வொன்றை வெளியிட்டார். நம் கல்லைப் பற்றி நம்மவர் ஒருவர் எழுதி உலகம் படித்தது. அத்தொகுதியின் முதன்மைப் பாறை அனார்த்தோசைட். அதில் மிகுதியாக உள்ளது நாம் முன்னே கண்ட அனார்த்தைட். இப்பாறையின் வயது 250 கோடி ஆண்டுகளுக்குக் குறையாது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. அந்நாளில் இக்கட்டுரையால் என்ன பயன் என்று ஒருவர் கேட்டிருந்தால், விடை சொல்ல யாராலும் இயன்றிராது.

பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. 1969 சூலையில் அப்பல்லோ 11 சந்திரனில் இறங்கிக் கல்லும் மண்ணும் கொண்டுவந்தது. அம்மண்ணில் சிறுசிறு வெண்துணுக்குகள் இருந்தன. அவை அனார்த்தோசைட் என்று கண்டார்கள். 1971-இல் அப்பல்லோ 15 வீரர்கள் ஒரு முழுக் கல்லையே எடுத்துவந்தனர். சந்திரன் தோன்றிய காலத்தில் அதன் மேற்புறம் முழுதும் கொதிக்கும் பாறைக் குழம்பாக இருந்தது. குழம்பு ஆறும்போது எடை குறைந்த அனார்த்தைட் படிகங்கள், காய்ச்சிய பாலின்மேல் ஆடை படர்வது போல மேலே மிதந்து ஓடாயின என்று அறிஞர் முடிவு கட்டினர். முழுநிலவில் நமக்கு வெண்மையாய்த் தெரிவது அந்த ஆடை. பாட்டி வடை சுடுகிறாள் என்று குழந்தைக்குக் காட்டுகிறோமே, அந்தக் கருநிழல் பிற்காலத்தில் பள்ளங்களில் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு.

பூமியில் அனார்த்தோசைட் பல நாடுகளில் உண்டு. ஆயினும் பெரும்பாலானவற்றில் சோடியம் கலந்து சுண்ணம் குறைந்திருக்கும். சித்தம்பூண்டிக் கல்லிலோ சுண்ணம் மிகுதி. சந்திரனின் கல்லை நெருங்கி நிற்கும். பழம்பூமியின் இத்தகைய பாறைகளையும் சந்திரப் பாறைகளையும் ஒப்புநோக்கி 1970-லேயே அறிஞர் எழுதத் தொடங்கிவிட்டனர். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நாமக்கல் மண்ணும் நிலா மண்ணும் ஒன்றே என்று செய்தித்தாள் தலைப்புகள் முழங்குவதுண்டு. அது மிகை. சித்தம்பூண்டிப் பாறை பூமிக்குள் தோன்றி, அழுத்தத்திலும் வெப்பத்திலும் மாறி, நீர் கலந்த கனிமங்களையும் ஏற்றது. சந்திரப் பாறையில் அந்நீர் இல்லை. இரண்டும் ஒன்றல்ல, கனிம அமைப்பில் நெருங்கிய ஒப்புமை உடையவை. மாணவர்கள் ஒப்புமைக்கும் ஒருமைக்கும் வேறுபாடு அறிதல் வேண்டும்.

சேலத்தை அடுத்த கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் தோன்றியது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்லூரிகள் அதனைச் சார்ந்தவை. மாநில அரசின் பல்கலைக்கழகம். மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. உழவர் வீட்டுப் பிள்ளையும் விசைத்தறித் தொழிலாளியின் மகளும் நிலவியலில் முதுகலையும் ஆய்வுப் பட்டமும் பெறும் இடம். வெள்ளைக்கல் மேடுகளும் சேர்வராயன் மலையும் பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலேயே உள்ளன. எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திற்கு இப்படியோர் இயற்கைச் சோதனைச்சாலை வாய்க்கும்? இந்தியாவின் சந்திரயான் 1 விண்கலம் 2008 அக்டோபரில் புறப்பட்ட காலத்தை ஒட்டியே, அத்துறைப் பேராசிரியர் அன்பழகனும் அவருடைய ஆய்வுக் குழுவினரும் சித்தம்பூண்டிக் கல்லின்மேல் ஒளி பட்டு மீளும் தன்மையை அளந்து, சந்திரனின் படங்களைப் புரிந்துகொள்ள அது உதவுமா என்று ஆராய்ந்தனர்.

பின்னர் விண்வெளி ஆய்வு நிறுவனத்திற்கு ஒரு தேவை வந்தது. சந்திரனில் இறங்கும் கலத்தின் கால்களையும், அங்கே உருளவேண்டிய வண்டியின் சக்கரங்களையும் பூமியில் சோதிக்கவேண்டும். அதற்குச் சந்திர மண் போன்ற மண் பல டன் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் செலவு பெரிது. சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிக் கற்களைத் தேர்ந்து, இடித்துப் பொடித்து, சந்திர மண்ணின் துகளளவுக்கு ஏற்பக் கலந்து, வலிமை சோதித்து, பெங்களூருக்கு அனுப்பினார்கள். அனுப்பிய மண் 50 டன் அளவு என்று அத்துறையினர் தெரிவித்தனர். இம்முறைக்கு 2020 மே மாதத்தில் காப்புரிமை கிடைத்தது. அதில் விண்வெளி நிறுவன அறிவியலாளரோடு, பெரியார் பல்கலைக்கழக நிலவியலாரின் பெயர்களும், திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தவர் ஒருவரின் பெயரும் இருக்கின்றன. 2019 செப்டம்பரில் சந்திரயான் 2-இன் இறங்குகலம் விழுந்து நொறுங்கியபோது நாடு கலங்கியது. 2023 ஆகஸ்டு 23-இல் சந்திரயான் 3 இறங்கிற்று. அதன் வண்டி தென்துருவப் பக்கத்து மண்ணைச் சோதித்து அனுப்பிய அளவுகள் அனார்த்தோசைட் வகையோடு ஒத்திருந்தன என்று 2024 ஆகஸ்டில் நேச்சர் ஏட்டில் ஆமதாபாத் அறிஞர் எழுதினர். நிலம் கூட்டிய இயலும் நிலவு கூட்டிய இயலும் ஒன்றான கதை இதுதான். 1956-இல் எழுதிய கட்டுரையின் பயனைக் கேட்டவருக்கு அறுபத்தேழு ஆண்டு கழித்து விடை கிடைத்தது.

இவ்வளவு சொன்னதால் நிலவியல் படித்தால் சந்திரனுக்கு வேலை செய்யலாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அன்றாடப் படிப்பு வேறு. கல்லை முப்பதில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டி நுண்நோக்கியில் பார்க்கவேண்டும். கரிய சார்னகைட் அப்போது வண்ணக் கண்ணாடி போல் ஒளிவிடும். வெயிலில் மலையேறிப் பாறையின் சாய்வை அளக்கவேண்டும். வரைபடம் எழுதவேண்டும். இப்போது செயற்கைக்கோள் படங்களையும் கணிப்பொறியையும் கொண்டு நிலத்தை ஆராயும் பயிற்சியும் உண்டு. இவை எல்லாவற்றினும் நம் நாட்டுக்கு இன்றியமையாதது நிலத்தடி நீரின் கல்வி.

நம் சமவெளியின் அடித்தளம் முழுதும் கடும்பாறை. தஞ்சை மணற்படுகையில் நீர் எங்கும் ஊறியிருக்கும். இங்கே நீர் இருப்பது மேலே மக்கிய பாறை அடுக்கிலும், கீழே வெடிப்புகளிலும் மட்டுமே. வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று அறியாமல் தோண்டினால் ஒரு தோட்டத்தில் நீர், அடுத்த தோட்டத்தில் புழுதி. நம் திருச்செங்கோடு ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு இந்தியா முழுதும் பெயர்பெற்ற ஊர். அவ்வண்டிகள் செல்லாத மாநிலம் அரிது. துளையிடும்போது மேலே பீறிட்டு வரும் கல்தூள், அந்நிலத்தின் வரலாறு எழுதிய ஏடு. எத்தனை அடியில் நிறம் மாறிற்று, எத்தனை அடியில் ஈரம் தட்டிற்று என்று குறித்து வைத்தால் அவ்வூருக்கே ஒரு வரைபடம் கிடைக்கும். நாமோ அத்தூளை வரப்பில் கொட்டிவிட்டு, அடுத்த இடத்திற்குத் தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அழைத்துவருகிறோம். பழைய கிணறு வெட்டிகளின் அனுபவ அறிவை நான் இகழவில்லை. மரமும் புற்றும் மண்ணும் பார்த்து அவர்கள் சொன்னவை பல பலித்ததுண்டு. ஆனால் அவர்கள் தோண்டியது அறுபது அடி. இன்று நாம் போவது ஆயிரம் அடி. அவ்வாழத்தில் தேங்காய் பேசாது.

நீர் கிடைத்தாலும் அதன் குணம் அறியவேண்டும். நம் பகுதிப் பாறைகளின் சில கனிமங்களிலிருந்து புளோரைடு நீரில் கரைகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்பட்டால் பல்லிலும் எலும்பிலும் நோய் தரும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் பழுப்பேறிய பற்களோடு சிரிக்கத் தயங்கிய குழந்தைகளை நீங்களும் கண்டிருக்கலாம். அம்மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டதற்கு அடிப்படை, நீரையும் பாறையையும் சோதித்த அறிவியல். சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலம் நகர் வழியே சென்று நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேரும் திருமணிமுத்தாற்றின் கதையும் அத்தகையதே. நகரத்துச் சாக்கடையும் சாயக்கழிவும் கலந்த அவ்வாற்றின் கரைக் கிணறுகளில் எது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து சொல்பவர் வேண்டும். மரவள்ளிக் கிழங்கிலிருந்து சவ்வரிசி எடுக்கும் ஆலைகளின் கழிவுநீர் ஒரு காலத்தில் வயலுக்கு நஞ்சாயிற்று; இன்று பல ஆலைகள் அதே கழிவிலிருந்து எரிவாயு எடுக்கின்றன. ஆற்றுக்கும் அப்படியொரு நாள் வரலாம். ஆனால் அளக்காத நோய்க்கு மருந்தில்லை.

பெற்றோர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "சார், பையனைக் கல்லுடைக்கவா காலேஜுக்கு அனுப்புவது?" நாமக்கல் வட்டாரம் மதிப்பெண்ணுக்குப் புகழ்பெற்றது. வெளிமாவட்டப் பிள்ளைகளும் விடுதியில் தங்கி இரவும் பகலும் படித்து மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் செல்கிறார்கள். அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால், சித்தம்பூண்டியிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இரண்டாண்டு தங்கி, சந்திரனைப் பற்றிய பாடத்தை மனப்பாடம் செய்து, அவ்வூரை ஒருநாளும் பாராமல் வீடு திரும்பும் பிள்ளையை நினைத்தால் ஆசிரியன் என்ற முறையில் மனம் ஒப்பவில்லை. வேலையைப் பற்றிக் கேட்போருக்கும் விடை உண்டு. மத்தியத் தேர்வாணையம் ஆண்டுதோறும் புவி அறிவியலாளர்க்கெனத் தனித் தேர்வு நடத்துகிறது. அதில் தேறியோர் நிலவியல் ஆய்வுத்துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்திற்கும் செல்கின்றனர். மாநிலத்தில் கனிமவளத்துறை இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் இருக்கின்றன. அணையும் சுரங்கப் பாதையும் கட்டுவோர்க்குப் பாறை அறிந்தவன் வேண்டும். இளங்கலையில் நிலவியல் கற்பிக்கும் கல்லூரிகள் தமிழ்நாட்டில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று சேலம் அரசு கலைக்கல்லூரி என்பதை நம் பக்கத்து மாணவர்களே பலர் அறியார்.

சித்தம்பூண்டிக்குச் செல்ல விரும்புவோர் மாசி மாதத்தில், சோளத்தட்டு அறுத்தபின் செல்வது நலம். அப்போதுதான் காட்டில் கல் நன்றாகத் தெரியும். நிலத்துக்குரியவரிடம் முன்னரே சொல்லிவிட்டு இறங்குங்கள். வெண்கல்லின் இடையே கரும்பட்டைகள் தென்பட்டால் அவை குரோமைட் அடுக்குகளாக இருக்கலாம். உடைந்த பரப்பில் இளஞ்சிவப்பாய் அறுபக்கப் படிகம் ஏதேனும் கண்டால் அதுவே குருந்தம். ஆணியால் கீறிப் பாருங்கள், ஆணிதான் தேயும். ஒரு சிறு துண்டு போதும். அதனைத் தாளில் சுற்றி, இடமும் நாளும் எழுதி வையுங்கள். இடம் எழுதாத கல்லை எந்த நிலவியலாரும் மேசையில் வைப்பதில்லை.